“இதே மாதிரி வேற யாரு?” என்று கேட்பவர்களுக்கு

மூங்கில்துறைப்பட்டிலும் சுற்று ஊர்களிலும் பங்க் இசையும் போஸ்ட்-ஹார்ட்கோரும் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் யாரைப் பார்த்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. “அண்ணா, ஃபுகாசி மாதிரி வேற பேண்ட் இருந்தா சொல்லுங்க.” “அட் தி டிரைவ்-இன் எல்லாம் கேட்டு முடிச்சிட்டேன், அடுத்து என்ன?” திருவண்ணாமலை பஸ்ஸில் இயர்போனோடு வருகிற பெண்ணும் கேட்கிறாள், சர்க்கரை ஆலைப் பக்கம் டீக்கடையில் நிற்கிற பையனும் கேட்கிறான். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு நாலு பெயர் அனுப்பிவிடலாம். ஆனால் நாலு பெயரும் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். மறுபடி அதே கேள்வி வரும். எப்படித் தேடுவது என்பதைச் சொல்லிவிட்டால் நீங்களே எனக்குப் பெயர் சொல்வீர்கள். அதனால்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

போனில் இருக்கும் செயலியை நம்பித் தேடுகிறீர்கள். ஒரு பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்று கணக்குப் பார்த்து அது அடுத்ததைத் தருகிறது. முதல் நாலைந்து பாட்டு நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு எல்லாப் பாட்டும் ஒரே வேகம், ஒரே கத்தல், ஒரே மாதிரி கிட்டார். சலித்துப்போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். சலிக்காமல் என்ன செய்யும்? தனக்கு முன்னால் இருந்த எதைப் போலவும் இருக்கக்கூடாது என்று பிடிவாதமாகத் தொடங்கியவர்கள் செய்த இசை இது. அவர்களைப் போலவே ஒலிப்பவர்களைத் தேடினால் நகல் எடுத்தவர்கள்தான் கையில் கிடைப்பார்கள்.

நம் பக்கத்தில் விதைக்கரணை வாங்கப் போகிறவர், கரும்பு பார்க்க எப்படி இருக்கிறது என்பதோடு விடமாட்டார். யார் கொல்லையில் வெட்டியது, அந்த மண் எப்படி, தண்ணீர் எங்கிருந்து பாய்ந்தது என்று விசாரித்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார். ஓர் ஆல்பத்தையும் அப்படி விசாரியுங்கள். யார் பதிவு செய்தார்கள்? டிரம்ஸ் அடித்தவர் அதற்கு முன்னால் எந்தக் குழுவில் இருந்தார்? காசு போட்டது யார்? எந்த ஊர்?

ஃபுகாசியையே எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் நகரக் குழு, முதல் மேடை 1987. அதில் பாடிய இயன் மெக்காய் அதற்கு முன் மைனர் த்ரெட்டில் இருந்தவர். கீ பிச்சியோட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கேன்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவிலிருந்து வந்தவர்கள். அந்தக் குழு 1985இல் ஒரே ஓர் ஆல்பம் போட்டது. இன்று போஸ்ட்-ஹார்ட்கோர் என்று நீங்கள் சொல்லும் வகையின் நாற்றங்கால்களில் அதுவும் ஒன்று. இந்தக் குழுக்களின் ஆல்பங்களை எல்லாம் வெளியிட்டது டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். 1980இல் மெக்காயும் ஜெஃப் நெல்சனும், டீன் ஐடில்ஸ் என்ற தங்கள் பள்ளிக்காலக் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்த்துவைத்த பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு பிரிக்காமல் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். அதிலிருந்து பிறந்த நிறுவனம். உறைகளைத் தாங்களே கத்தரித்து, மடித்து, பசை ஒட்டினார்கள். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே டிஸ்கார்டின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓர் ஊரின் இருபது முப்பது வருட வாழ்க்கை கிடைக்கிறது. அதில் ஒன்றைப் போல ஒன்று இல்லை. 2003இல் வந்த பிளாக் ஐஸ் ஆல்பத்தைக் கேளுங்கள்: இரண்டு டிரம்மர், இரண்டு பேஸ் கிட்டார், இரண்டு பாடகர். எந்தச் செயலியும் ஃபுகாசிக்கு அடுத்து அதை உங்களுக்குப் போட்டுக்காட்டாது. ஆனால் ரத்த சொந்தம்.

அந்த வாஷிங்டன் பையன்களுக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேட் பிரெய்ன்ஸ் என்ற குழுவின் நான்கு கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் கலந்த இசையில் தொடங்கி, பங்கைக் கேட்டு அதை யாரும் வாசிக்காத வேகத்துக்குக் கொண்டுபோய், நடுவில் நிறுத்தி ரெகே வாசித்தவர்கள். இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் இசை, நமக்கு எதற்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நின்று ஒரே பாட்டைக் கேட்போம். ஃபுகாசியின் ‘வெயிட்டிங் ரூம்’. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். தனியாக ஜோ லாலியின் பேஸ் வருகிறது. டிரம்ஸ் சேர்கிறது, கிட்டார் சேர்கிறது, இனி வெடிக்கப்போகிறது என்று உடம்பு தயாராகும் நேரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. சில நொடி வெறும் மௌனம். பிறகு அதே பேஸ், விட்ட இடத்திலிருந்து. மெட்டைச் சுமப்பது பேஸ்; கிட்டார் அதன் மேல் விட்டுவிட்டு வெட்டுகிறது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பங்க் என்றிருந்த இடத்தில், சத்தத்தை நிறுத்திவைக்க இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் ‘இதே மாதிரி’ என்று கேட்பது இந்த நிறுத்தத்தைத்தானா? அப்படியென்றால் கென்டக்கியின் லூயிவில் ஊர்க் குழுவான ஸ்லின்ட் 1991இல் வெளியிட்ட ‘ஸ்பைடர்லேண்ட்’ உங்களுக்கானது. அதில் முணுமுணுப்பும் மௌனமும்தான் பெரும்பகுதி. கேட்டது அந்த வெட்டும் கிட்டாரையா? அப்படியென்றால் பின்னோக்கிப் போய் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து கேங் ஆஃப் ஃபோர், 1979இல் வந்த ‘என்டர்டெய்ன்மென்ட்!’. எது பிடித்தது என்று முதலில் உங்களுக்கே பேர் வைக்கத் தெரிய வேண்டும். “செம்மையா இருக்கு” என்பதோடு நின்றால் தேடல் நகராது.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆல்பத்தின் உறையில் சின்ன எழுத்தில் இருக்கும் ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது. பரிசோதனைப் பங்கின் ஆரம்பத்தில் பிரிஸ்டல் நகரத்து தி பாப் குரூப் என்ற குழு 1979இல் ‘ஒய்’ என்ற ஆல்பம் போட்டது. கூச்சல், எதிரொலி, சிதறிய தாளம். முதல் தடவை கேட்கும்போது தலை சுற்றும். தயாரித்தவர் டென்னிஸ் போவெல். பார்படோஸில் பிறந்து லண்டனில் வளர்ந்த ரெகே, டப் இசைக்காரர். அவர் பெயரைப் பிடித்தால் அதே 1979இல் தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவின் ‘கட்’ ஆல்பம் கிடைக்கும். அங்கிருந்து இன்னும் ஓர் எட்டு வைத்தால் லிண்டன் க்வெசி ஜான்சன் என்ற ஜமைக்காவில் பிறந்த கவிஞர், போவெலின் டப் இசையின் மேல் தன் கவிதைகளைச் சொல்கிறார். லண்டன் கறுப்பின மக்கள் போலீஸிடம் பட்டதையெல்லாம் பேசுகிறார். பங்கில் புறப்பட்டு மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கவிஞரிடம் வந்து நிற்கிறீர்கள். ஒலியில் துளி ஒற்றுமை கிடையாது. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே அறையின் காற்று மூன்றிலும் இருக்கிறது.

இதே வழியில் ஸ்டீவ் ஆல்பினி. 2024 மே மாதம் காலமானார். தன்னைத் தயாரிப்பாளர் என்று போடவிடமாட்டார், பதிவு செய்தவர் என்றுதான் போட வேண்டும். ராயல்டி வாங்கமாட்டார், வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். நிர்வானாவின் ‘இன் யூட்டெரோ’வுக்கும் அதே கொள்கை. ஜீஸஸ் லிசர்டின் ‘கோட்’, பி.ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’ இரண்டும் அவர் பதிவு செய்தவை. டிரம்ஸ் அறையில் எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்கும்.

சில நேரம் தலைப்பே வழி சொல்லும். ஸ்வீடனின் வடக்கே உமியோ என்ற ஊரிலிருந்து வந்த ரெஃப்யூஸ்ட், 1998இல் ‘தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்’ போட்டார்கள். அந்தத் தலைப்பு ஆர்னெட் கோல்மேன் 1959இல் வெளியிட்ட ஜாஸ் ஆல்பத்தின் தலைப்பைத் தழுவியது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கோல்மேனின் சாக்ஸபோனைப் போய்க் கேட்டீர்களானால், உங்களுக்குப் பிடித்த கத்தல் வாயால் மட்டும் வருவது இல்லை என்று தெரியும். ஆல்பம் வந்த அதே வருடம் ரெஃப்யூஸ்ட் உடைந்தது. அமெரிக்காவில் ஒரு வீட்டின் நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து நிறுத்தியது. அதுவே அப்போதைய கடைசிக் கச்சேரி. அவர்களுக்குப் புகழ் வந்து சேர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

ஊர்களைக் கவனித்தீர்களா? உமியோ தலைநகரத்திலிருந்து வெகுதூரம். லூயிவில் இசைச் சந்தையின் மையம் கிடையாது. அட் தி டிரைவ்-இன் டெக்சஸின் எல் பாசோ ஊர்க் குழு. ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் ஹுவாரெஸ். அங்கே கொல்லப்பட்ட பெண்களைப் பற்றித்தான் 2000இல் வந்த ‘ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்’ ஆல்பத்தில் ஒரு பாட்டே இருக்கிறது. மினிட்மென் குழு கலிபோர்னியாவில் சான் பெட்ரோ என்ற துறைமுகத் தொழிலாளர் ஊர். தங்கள் நண்பர்களான ஹஸ்கர் டூ இரட்டை ஆல்பம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தாங்களும் பாட்டு எழுதிச் சேர்த்து 1984இல் 40க்கும் மேற்பட்ட பாட்டுகளோடு ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்’ வெளியிட்டார்கள். பெரும்பாலான பாட்டு இரண்டு நிமிடம்கூட இருக்காது. வேனை ஓட்டுவதும் அவர்கள், சாமான் இறக்குவதும் அவர்கள், வாசிப்பதும் அவர்கள். “சென்னையில இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும்” என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு இந்த ஊர்ப் பெயர்கள்தான் ஞாபகம் வருகின்றன. தென்பெண்ணைக் கரையில், கரும்பு லாரி வரிசைக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு குறையே கிடையாது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பையின் ஸ்கிரைப் குழுவைக் கட்டாயம் கேளுங்கள். ‘மார்க் ஆஃப் தேஜா’ 2010, ‘ஹெய்ல் மொகாம்போ’ 2014. இந்திப் பட வில்லன்களின் பெயரை ஆல்பத்துக்கு வைத்து, தங்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே ஹார்ட்கோர் செய்தார்கள். அதே மும்பையில் தி ரயட் பெட்லர்ஸ், டெத் பை ஃபங்கை, பேசிஃபிஸ்ட். கேரளத்தில் கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ், தெய்யத்தைத் தொட்டுக்கொண்டு மெட்டல் வாசித்தவர்கள். கடல் தாண்டினால், சிங்கப்பூரில் 1992 முதல் ருத்ரா குழு. மாதங்கி அருள்பிரகாசம், அதாவது மாயா, ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடியில் வைத்திருப்பது தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் பாட்டுத் துண்டு. ஈழத் தமிழ்ப் பெண்ணின் பாட்டு வழியாகவும் பங்குக்குள் நுழையலாம்.

ஆனால் உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா பாடுகிறவர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், அவற்றோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும். குழுவின் பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. செயலி இதை ‘ராப்’ என்றோ ‘கானா’ என்றோ ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடும். நீங்கள் டிஸ்கார்டைப் பார்த்த கண்ணால் பாருங்கள்: தங்களுக்கு மேடை தராத ஊரில் தாங்களே மேடை போட்டவர்கள், யாரும் பாட்டாக்காததைப் பாட்டாக்கியவர்கள். டென்மா அதற்கு முன் கபேர் வாசுகியோடு குரங்கன் என்ற குழுவில் இருந்தார். அந்த நூலையும் பிடித்துப் போங்கள்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவைக் கேட்ட காதோடு நம் ஊருக்குள் வந்தால் என்ன கேட்கிறது? பறையைத் தீயில் காட்டி விறைப்பாக்குகிறார்களே, அப்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். வைக்கோல் எரியும், வட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார், விரலால் தட்டிப் பார்ப்பார், போதாது என்று மறுபடியும் காட்டுவார். தோல் இழுபட்ட பிறகு சிம்புக்குச்சி விழும் ஒலியும் அடிக்குச்சி விழும் ஒலியும் தனித்தனியாகக் காதில் ஏறும். ஒன்று கீறும், ஒன்று இடிக்கும். உங்களில் டிரம்ஸ் பழகுகிறவர்கள் ஸ்னேரை எவ்வளவு இறுக்குவது என்று யூடியூபில் தேடுகிறீர்கள். இங்கே நின்று கேட்டால் பாதி விடை கிடைக்கும்.

பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில் விடியும் வரை உட்கார்ந்து பாருங்கள். வேஷக்காரர் உச்ச ஸ்தாயியில் பிடித்த குரலை இறக்குவதே கிடையாது. குரல் உடையும் விளிம்பில் நிற்கிறது. பின்பாட்டு அதை வாங்கிக்கொள்கிறது. முகவீணை அதன் மேல் ஏறுகிறது. அவர் கிறிக்கி அடித்துச் சுழன்று வந்து மறுபடி அதே உயரத்தில் பிடிக்கிறார். தொண்டை போய்விடாமல் ராத்திரி முழுக்க எப்படிப் பாடுகிறார் என்று கேட்டால் எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுப்பார். கத்திப் பாடி ஒரு மாதம் தொண்டை கட்டிக்கொண்ட தம்பி ஒருவன் உங்களில் இருக்கிறான். அவன் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பறை என்றதும் “நம்ம பங்க்” என்று சொல்லி ஒரு வீடியோவில் நடுவில் நாலு அடி சேர்த்துவிட்டால் அது மரியாதை ஆகாது. அந்த வாத்தியத்தை அடித்ததற்காகவே ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; அடிக்கமாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்டவர்களும் இருக்கிறார்கள். வாசிக்க அழைத்தால் குழுவில் ஒருவராக அழையுங்கள். பெயரைப் போடுங்கள், கிட்டார்க்காரருக்கு என்ன பங்கோ அதே பங்கைக் கொடுங்கள், எந்த இடத்தில் எந்த அடி என்று அவரையே முடிவு செய்யவிடுங்கள். ஆல்பினி கூலியைப் பற்றிப் பேசியதும் ஃபுகாசி தங்கள் கச்சேரி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 5 டாலருக்கு மேல் வாங்க மறுத்ததும் உங்களுக்குப் பிடித்திருக்கிறதென்றால், அந்தக் கொள்கைக்கு நம் ஊரில் அர்த்தம் இதுதான்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு சொல். 1990களின் தொடக்கத்தில் ஒலிம்பியா என்ற சின்ன ஊரில் பிகினி கில் என்ற குழு கிளம்பியது. பாடகி கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்து பையன்களைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லி, பெண்களை முன்வரிசைக்குக் கூப்பிடுவார். கூட்டத்தில் இடிபடாமல் பாட்டுக் கேட்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. அவர்களின் முதல் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டது ஃபுகாசியின் இயன் மெக்காய். பார்த்தீர்களா, நூல் எங்கே போய் முடிகிறது. நம் பக்கம் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைத் தன் குரலில் பாடி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். வீட்டில் ராத்திரி அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கே நாம் எது செய்தாலும் பகலில் செய்வோம். பையன்கள் இதை ஒரு சலுகையாக நினைக்காமல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம் என்று நினைக்கிறேனென்றால், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஓரிடத்தில் கூடுவோம். இடம் நான் பார்த்து வைக்கிறேன், நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் கொண்டுவருகிறேன். ஆளுக்கு ஓர் ஆல்பம். அதில் ஒரு பாட்டு மட்டும் போடலாம். போடுவதற்கு முன்னால் அந்த ஆல்பத்துக்கு யார் வழியாக வந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். டிரம்மர் வழியா, பதிவு செய்தவர் வழியா, உறையில் இருந்த நன்றிப் பட்டியல் வழியா, அத்தை வீட்டில் கேட்ட பம்பை வழியா? “போன் காட்டியது” என்றால் அடுத்த முறை வாய்ப்பு. நான் பிளாக் ஐஸ் கொண்டுவருகிறேன். ஃபுகாசி 800க்கும் மேற்பட்ட தங்கள் கச்சேரிப் பதிவுகளை 2011லிருந்து பொதுவில் விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே பாட்டை முதல் வருடத்திலும் கடைசி வருடத்திலும் எப்படி வாசித்தார்கள் என்று யாராவது ஒருவர் தேடி எடுத்து வாருங்கள். நம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரையும் கூப்பிட்டிருக்கிறேன். அவர் கேட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சங்கராபுரம், கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வரும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டும் என்பதால் காலை 10 மணிக்கே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
மூங்கில்துறைப்பட்டு